அத்தியாயம் 6: மேல் கடைவாயில் தொடங்குங்கள்
நாய், பூனைகளின் பல் பராமரிப்பு

"நல்லாத்தானே டாக்டர் சாப்பிடுது!" வாய் நாறும் நாயைக் கூட்டி வருகிறவர்கள் அநேகமாக முதலில் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பல் வேரில் சீழ் கட்டிய நாயும் சோற்றை மெல்லாமல் விழுங்கிவிடும். வலிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தால் கடிக்கும். பூனை இன்னும் அழுத்தம். வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது இரண்டுக்கும் இயல்பு. தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் நாள்வரை காத்திருந்தால், அதற்குள் பல பற்கள் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போயிருக்கும். அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த அத்தியாயம்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்

சுத்தமான பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே வழவழப்பான ஊத்தை படியத் தொடங்கும். அது கிருமிகளின் படலம். துணியால் அழுத்தித் துடைத்தாலே வந்துவிடும். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிக் காரையாகிவிடும். காரையை பிரஷ் எடுக்காது. அதன் சொரசொரப்பில் மேலும் ஊத்தை ஒட்டும், ஈறுக்கு அடியில் இறங்கும், ஈறு சிவந்து வீங்கும், பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், பல் ஆடும். ஈறு வீக்கம் மட்டும் இருக்கும்வரை பழைய நிலைக்குத் திருப்ப முடியும். கரைந்த எலும்பு திரும்பி வராது. மூன்று வயதைத் தாண்டிய நாய், பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கும்.

நமக்கு வருவதுபோன்ற சொத்தைப்பல் நாய்களுக்குக் குறைவு. பூனைகளுக்கு அநேகமாக இல்லை. ஆகவே சொத்தையைத் தேடாதீர்கள். ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

இன்னொன்று: காரை எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி படியாது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில்தான் பெரிய எச்சில் சுரப்பியின் குழாய் திறக்கிறது. அதனால் அந்தப் பல்லின் கன்னப் பக்கத்தில்தான் காரை முதலில் வரும், அதிகமாகவும் வரும். துலக்க முப்பது நொடிதான் கிடைக்கிறது என்றால் அந்த முப்பது நொடியையும் அங்கேயே செலவிடுங்கள். முன்பற்களை மட்டும் தேய்த்துவிட்டுத் திருப்தியடைவது வீடுகளில் நடக்கும் முதல் தவறு.

பொமரேனியன், ஷிட்சு, டாஷ்ஹண்ட், பக் போன்ற சிறிய இனங்களை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாடை சிறிது, பற்கள் நெருக்கம். இடுக்குகளில் ஊத்தை சீக்கிரம் தங்கும்.

வாயில் கை வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது.

திடீரென்று எச்சில் ஒழுகுகிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுகிறது, குரைப்பின் ஒலி மாறியிருக்கிறது என்றால், "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோய் பிடித்த நாய் எல்லாமே பாய்ந்து கடிக்க வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நோயின் இன்னொரு வடிவத்தில் நாய் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும்; தாடை செயலிழந்திருக்கும்; பார்க்கவே பாவமாக இருக்கும். அந்தப் பரிதாபத்தில்தான் கையை விடுகிறார்கள். எச்சில் வழியே கிருமி உடலில் ஏறிவிடுகிறது. பூனைக்கும் வெறிநோய் வரும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. நாயைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.
2. கால்நடை மருத்துவரைப் போனில் அழைத்து, பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதியையும் சொல்லுங்கள்.
3. கடித்துவிட்டாலோ, பல் கீறினாலோ, உங்கள் கையில் இருந்த காயத்தில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கியிருக்கும் நாய், பூனைக்கு முதலில் தடுப்பூசி. பல் துலக்கலெல்லாம் பிறகு.

பூனை கடித்த காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரியும். பல் மெல்லியது என்பதால் ஆழமாக இறங்கியிருக்கும். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். வெறிநோய் விஷயத்தில் நாய்க்கடியைப் போலத்தான் இதுவும். இன்றே டாக்டரைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை பார்வை

1. நடை முடிந்து, சாப்பிட்டு, ஓய்ந்து கிடக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. பக்கவாட்டில் உட்காருங்கள். எதிரே குனிந்து முகத்துக்கு நேராகப் பார்ப்பதை நாய் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.
3. ஒரு கையைத் தாடைக்கு அடியில் தாங்கலாக வையுங்கள். மறு கையின் கட்டைவிரலால் மேலுதட்டை மட்டும் தூக்குங்கள். வாயைத் திறக்கத் தேவையே இல்லை.
4. உதட்டின் ஓரத்தை மெல்லப் பின்னுக்கு ஒதுக்கினால் கடைவாய்ப்பற்கள் தெரியும்.
5. இரண்டு பக்கத்தையும் பாருங்கள். மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். காரை வளர்வது கண்ணுக்குப் பழகிப்போனால் தெரியாது. படங்களை ஒப்பிட்டால் தெரியும்.

நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், ஓரம் மெல்லியதாக, பல்லோடு ஒட்டி இருக்கும். பல நாய்களுக்கு ஈறு கறுப்பாகவோ திட்டுத்திட்டாகவோ பிறவியிலேயே இருக்கும், அது நோயில்லை. பல்லை ஒட்டி ஓடும் சிவப்புக் கோடுதான் முதல் அறிகுறி. தொட்டால் ரத்தம் கசிவது, ஈறு மேலேறி வேர் தெரிவது, பல் ஆடுவது எல்லாம் அதற்கடுத்த கட்டங்கள்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டாம். ஒரு பக்கத்தில் இருக்கும் பல் மறுபக்கத்தில் இல்லையா என்று பார்த்தால் போதும். உடைந்த பல்லின் நடுவில் ரோஜா நிறத்திலோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே நரம்பு இருக்கும் குழி திறந்துவிட்டது என்று அர்த்தம். நாய் விளையாடிக்கொண்டிருந்தாலும் அதற்கு வலி இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குறிப்பு: எல்லா வாய் நாற்றமும் பல்லிலிருந்து வருவதில்லை. வயதான பூனையின் வாயில் மூத்திர நெடி அடித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். பழம் அழுகியதுபோல் இனிப்பு வாடை வந்து, தண்ணீரும் அதிகம் குடித்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும்; பிரஷ் உதவாது.

வாங்க வேண்டியவை

மிக மென்மையான முடியுள்ள பிரஷ் ஒன்று. நடுத்தர, பெரிய நாய்க்குச் சிறுவர்களின் பிரஷே போதும். சிறிய நாய்க்கும் பூனைக்கும் தலை மிகச் சிறிதாக இருக்கும் கைக்குழந்தை பிரஷ். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷை எல்லாரும் ஆசையாக வாங்குகிறார்கள். அதில் உங்கள் விரல் பற்களுக்கு நடுவில் இருக்கிறது. ஈறு ஓரத்திலும் அது சரியாக இறங்காது. பழக்கும் நாட்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லப் பிராணிகளுக்கென்றே விற்கும் பேஸ்ட் ஒன்று. விழுங்கினாலும் கெடுதல் இல்லாமல், கோழி, மீன் சுவையில் கிடைக்கிறது. பேஸ்ட் கிடைக்கவில்லையென்றால் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். ஊத்தையை எடுப்பது உராய்வுதான். பேஸ்ட் பெரும்பாலும் துலக்குவதை ருசியாக்கி நாயைச் சம்மதிக்க வைக்கிறது.

வாய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாதவை:

- நம் டூத்பேஸ்ட். நாய், பூனைக்குத் துப்பத் தெரியாது. ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்குள் போகும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மிலும் இதே ஆபத்து. விழுங்கியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.
- கரி, சாம்பல், உப்பு, பல்பொடி. பல்லின் மேற்பூச்சைக் கீறிவிடும். கீறிய இடத்தில் ஊத்தை இன்னும் வேகமாக ஒட்டும்.
- கிராம்புத் தைலம், டீ ட்ரீ எண்ணெய். நம் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் கேட்கும் என்பதால் பூனைக்கும் தடவுகிறார்கள். பூனையின் கல்லீரலால் இதைச் சமாளிக்க முடியாது. அதற்கு இது விஷம்.
- நம் மவுத்வாஷ், சமையல் சோடா. இரண்டும் விழுங்கத்தக்கவை அல்ல.
- ஊக்கு, நகவெட்டி, இணையத்தில் விற்கும் காரை சுரண்டும் கருவி. நாய் தலையை ஒருமுறை திருப்பினால் ஈறு கிழியும். வெளியே தெரியும் காரை போய்ப் பல் வெள்ளையாகத் தெரியும். ஈறுக்கு அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும். வெள்ளைப் பல்லைப் பார்த்து நீங்கள் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிடுவீர்கள். அதுதான் பெரிய கேடு.

பழக்கும் வரிசை

துலக்குவது எளிது, துலக்கச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. பேஸ்ட் வாங்கிய அன்றே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் பிரஷை வாயில் திணிப்பது பல வீடுகளில் நடக்கிறது. அன்றோடு அந்த நாய்க்குப் பிரஷ் எதிரி. மறுநாள் அலமாரி திறக்கும் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடும். கீழே உள்ள வரிசைக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். சில நாய்க்கு இன்னும் அதிகம். அவசரம் வேண்டாம்.

1. முகம் தொடுதல். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். கன்னத்தையும் உதட்டின் வெளிப்புறத்தையும் தடவிக்கொடுத்துவிட்டு, உடனே அதற்குப் பிடித்த தீனி ஒரு துண்டு. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.
2. பேஸ்ட் நக்குதல். விரல் நுனியில் கொஞ்சம் பேஸ்ட். தானாக வந்து நக்கட்டும். நக்கவில்லையென்றால் வேறு சுவையை வாங்குங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.
3. விரல் உள்ளே. பேஸ்ட் தடவிய விரலை உதட்டுக்கு அடியில் விட்டு, கோரைப்பல்லின் மேல் ஒரு தேய்ப்பு. எடுத்துவிட்டுத் தீனி. மெல்ல மெல்லப் பின்னால் போங்கள்.
4. துணி. விரலில் சுத்தமான வேட்டித் துணியைச் சுற்றி, ஈறு ஓரமாக மேல் கடைவாய்ப்பல்வரை துடையுங்கள். பிரஷுக்கு ஒத்துக்கொள்ளாத நாய், பூனைக்கு இதையே ஆயுள் முழுக்கச் செய்தாலும் நல்ல பலன் உண்டு.
5. பிரஷ். முதல் இரண்டு நாள் பிரஷிலிருந்து பேஸ்டை நக்க மட்டும் விடுங்கள். அடுத்து ஒரு பல், பிறகு இரண்டு, அப்படியே ஒரு பக்கம்.

ஒரு படியில் நாய் தலையைத் திருப்பிக்கொண்டால், உதட்டை நக்கிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், உறுமினால், அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். உறுமும் நாயை அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும்.

நேற்றுவரை ஒத்துழைத்த நாய் இன்று ஒரு பக்கத்தைத் தொடவே விடவில்லையென்றால் அது பிடிவாதமில்லை. அந்தப் பக்கத்தில் வலி இருக்கிறது. துலக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஈறு ஏற்கெனவே சிவந்து வீங்கியிருக்கும் வாயிலும் பழக்கத் தொடங்கக் கூடாது. முதலில் சிகிச்சை, ஆறிய பிறகு பிரஷ்.

துலக்கும் முறை

1. நாயைச் சுவரோரமாக உட்கார வைத்து, அதன் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். சிறிய நாயானால் மடியில், முகம் வெளிப்பக்கமாக.
2. பேஸ்டை பிரஷ் முடிகளுக்குள் அழுத்தி வையுங்கள். மேலே மொத்தமாக வைத்தால் முதல் நக்கிலேயே போய்விடும்.
3. வாயை மூடியபடி மூக்கின் மேல் லேசாகக் கையை வைத்து, உதட்டை மட்டும் தூக்குங்கள்.
4. மேல் கடைவாயில் தொடங்குங்கள். முடிகள் ஈறு ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். ஏறக்குறைய 45 டிகிரி. சின்னச் சின்ன வட்டங்களாகத் தேய்த்து முன்னால் வாருங்கள்.
5. மேல் கோரைப்பல், பிறகு கீழ்க் கடைவாய், கீழ்க் கோரைப்பல், கடைசியில் முன்பற்கள். முன்பற்களும் மூக்கு நுனியும் கூச்சம் மிகுந்தவை. அங்கே தொடங்கினால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும்.
6. மறுபக்கம். இரண்டும் சேர்ந்து ஒன்றிரண்டு நிமிடம்.
7. முடிந்ததும் பாராட்டு, தீனி அல்லது நடை.

பல்லின் உட்புறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நாக்கு உரசுவதால் அங்கே ஊத்தை குறைவாகத்தான் தங்கும். வாயைப் பிளந்து உட்புறம் தேய்க்கப் போய்க் கடி வாங்குவதைவிட வெளிப்புறத்தைத் தினமும் ஒழுங்காகச் செய்வது மேல்.

ஏன் தினமும்? ஊத்தை காரையாக இரண்டு மூன்று நாள்தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி நேரம் தேய்ப்பதில் பயனில்லை, அதற்குள் இறுகிவிட்டிருக்கும். தினமும் முடியாத வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாளாவது செய்யுங்கள். பிரஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு பிராணியின் பிரஷை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

பூனைக்கு வேறு வழி

பூனையைப் பிடித்து வைத்துத் துலக்க முடியாது. அது ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவது, துண்டில் இறுக்கிச் சுற்றுவது இரண்டும் தினசரிப் பழக்கத்துக்கு உதவாது.

1. பூனை தானாக வந்து உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் திட்டோ மேசையோ எதுவானாலும் சரி. உங்களுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். நீங்கள் பின்னாலிருந்து கையைக் கொண்டுவாருங்கள்.
2. பேஸ்ட் பிடிக்காவிட்டால், உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீரில் துணியையோ காது துடைக்கும் பஞ்சுக்குச்சியையோ நனையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்பு மீனைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள்.
3. உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, கட்டைவிரலால் உதட்டின் ஓரத்தை மேலே தூக்குங்கள். வாய் மூடியே இருக்கட்டும்.
4. மேல் கோரைப்பல்லும் அதற்குப் பின்னால் உள்ள பற்களும் மட்டும். பக்கத்துக்கு ஐந்தாறு தேய்ப்பு. வாலை விசுக்கென்று அடிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். மறுபக்கம் நாளைக்கு.

பூனைகளுக்கு அதிகம் வரும் இரண்டு நோய்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், பல் ஈறு ஓரத்திலிருந்து தானாகவே கரைந்துபோகும். பல்லின் அடியில் ரோஜா நிறச் சதை ஏறியதுபோல் தெரியும்; கடும் வலி. துலக்குவதால் அது தடைபடாது. பல்லை எடுப்பதுதான் தீர்வு. இன்னொன்றில், வாயின் உட்புறம் முழுவதும், தொண்டை ஓரம்வரை, புண்ணாகிச் சிவந்துவிடும். பூனை பசியோடு தட்டுக்கு வரும், ஒரு வாய் எடுத்ததும் கத்திக்கொண்டு ஓடும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுவதால் ரோமம் சிக்குப் பிடித்திருக்கும். இந்த வாயில் பிரஷ் படவே கூடாது. பெரும்பாலான பற்களையோ எல்லாவற்றையுமோ எடுக்கச் சொன்னால் அதிர்ச்சியடையாதீர்கள். பல் இல்லாத பூனை ஈரத்தீனியைச் சுகமாகச் சாப்பிடும். வலியோடு இருக்கும் பூனைதான் சாப்பிடாது.

நூல் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். மல்லிகைச் சரம் கட்டிய நூல், தையல் நூல் போன்றவற்றைப் பூனை விழுங்கும்போது ஒரு சுற்று நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் போயிருக்கும். வாயில் நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் அறுபடும். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

எலும்பும் மெல்லும் பொருட்களும்

"எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொஞ்சம் காரை உரசிப்போவது உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஆட்டுக்கால் எலும்பு, மாட்டெலும்பு, மான்கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் பல் தாங்காத அளவுக்குக் கடினம். மேல் கடைவாயின் பெரிய பல், வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பிளந்துபோவதற்கு இவைதான் முதல் காரணம். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எலும்புத் துண்டு இரண்டு மேல் கடைவாய்களுக்கு நடுவில், அண்ணத்தின் குறுக்கே மாட்டிக்கொண்டு, நாய் முன்காலால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பிரியாணி மிச்சத்தைப் பாசத்தோடு வைப்பவர்கள் எலும்பைப் பொறுக்கிவிட்டு வைத்தால் அதுவே பெரிய உதவி. அதிலுள்ள வெங்காயமும் மசாலாவும் வேறு கதை.

வாங்கும்முன் ஒரு சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழாத அளவுக்குக் கடினமானால் வேண்டாம். டென்னிஸ் பந்தையும் மணிக்கணக்காக மெல்ல விடாதீர்கள்; அதன் மேல்துணியும் அதில் ஒட்டும் மண்ணும் பல்லை அரம்போல் தேய்த்துவிடும்.

பல்லுக்கு நல்லது என்று எல்லா பாக்கெட்டிலும் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கால்நடை வாய்நல மன்றம், அதாவது வி.ஓ.ஹெச்.சி., 1997 முதல் இப்படிப்பட்ட பொருட்களின் சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை கொடுத்து வருகிறது. அந்த முத்திரை உள்ளதைத் தேடி வாங்குங்கள். சாதாரண உலர்தீனி பல்லைச் சுத்தம் செய்யும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலான குருணைகள் பல் பட்டதும் நொறுங்கிவிடுகின்றன. பாலும் தயிர்ச்சோறும் பிஸ்கட்டுமாக வளரும் நாய்களின் கடைவாயில் மாவு அப்பிக்கொண்டிருக்கும். டீக்கடை பிஸ்கட்டை நிறுத்தினாலே நல்லது.

குட்டிகளுக்கு

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28, பூனைக்குட்டிக்கு 26. நான்காம் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஏழாம் மாதத்துக்குள் விழுந்து நிலைப்பற்கள் வந்துவிடும். அந்த மாதங்களில் ஈறு நோகும். முகம் தொடுவதையும் பேஸ்ட் நக்குவதையும் மட்டும் பழக்கி, தேய்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பற்களைக் குட்டி விழுங்கிவிட்டாலும் பயமில்லை. மின்கம்பியை மெல்லும் பருவமும் இதுதான்; சார்ஜர் வயர்களை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு கோரைப்பற்கள், மெலிந்த பழையதும் தடித்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பால்பல் விழவில்லை என்று அர்த்தம். சிறிய இனங்களில் இது சகஜம். காத்திருந்தால் புதுப்பல் கோணலாகும். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போதே எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பல்லை நீங்களே ஆட்டிப் பிடுங்காதீர்கள். வேர் உடைந்து உள்ளே தங்கிவிடும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

கண்ணுக்குக் கீழே கன்னத்தில் திடீர் வீக்கம். பலர் இதைக் கண் நோய் என்றோ, தேனீ கொட்டியது என்றோ எண்ணிக் கண்மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். மேல் கடைவாயின் பெரிய பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழேதான் இருக்கிறது; அதன் நுனியில் சீழ் கட்டினால் வீக்கம் அங்கே வரும். உடைந்து சீழ் வழிந்து, ஆறி, மறுபடி வீங்கும். பல்லைக் கவனிக்காதவரை மாத்திரையால் தீராது.

இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்: ஒரு பக்கமாகவே மெல்லுதல், தீனியை வாயிலிருந்து கீழே போடுதல், எச்சிலில் ரத்தம், ஆடும் பல், வாயில் கட்டி, ஒரு மூக்கில் மட்டும் சளி, தலையைத் தொட விடாமை. பூனை ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே காட்டிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். பாதி மாத்திரை, கால் மாத்திரை என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

ஸ்கேலிங்

காரை படிந்துவிட்டால், அதைக் கருவியால் எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. முழு மயக்கத்தில்தான் செய்ய வேண்டும். மயக்க மருந்து என்றதும் பயப்படுகிறவர்கள், "மயக்கம் கொடுக்காமலே பல் சுத்தம் செய்கிறோம்" என்று அழகு நிலையங்களில் சொல்வதைக் கேட்டுப் போய்விடுகிறார்கள். விழித்திருக்கும் நாயைப் பிடித்துவைத்துக் கண்ணுக்குத் தெரியும் காரையைச் சுரண்டலாம். ஈறுக்கு அடியில் கருவி போகவே முடியாது. நோய் இருப்பதோ அங்கேதான். எக்ஸ்ரே எடுக்க முடியாது. சிதறும் தண்ணீரும் காரைத்துகளும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கவும் முடியாது. மயக்கத்தில், தொண்டையில் குழாய் பொருத்திச் செய்யும்போது இவை மூன்றும் முடியும். பணம் மிச்சம் என்று இந்த அழகு வேலைக்குப் போகாதீர்கள்.

சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் அரசு சார்ந்தவை. செலவுக்குத் தயங்குபவர்கள் அங்கே விசாரியுங்கள்.

போகும்முன் கேட்க வேண்டியவை:

1. மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டா? வயதான பிராணிக்கு இதைக் கட்டாயம் கேளுங்கள்.
2. மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பீர்களா?
3. பல் எக்ஸ்ரே வசதி இருக்கிறதா?
4. சுத்தம் செய்த பிறகு பாலிஷ் செய்வீர்களா? ஸ்கேலிங் கருவி விட்ட நுண்கீறல்களை வழவழப்பாக்காவிட்டால் காரை சீக்கிரம் திரும்பும்.
5. எந்த நேரத்திலிருந்து தீனி கொடுக்கக் கூடாது, தண்ணீர் எதுவரை கொடுக்கலாம்? குட்டிகளுக்கும் சர்க்கரை நோயுள்ளவற்றுக்கும் இந்தக் கணக்கு வேறு.
6. பல் எடுக்க வேண்டி வந்தால் எனக்குப் போன் செய்து கேட்பீர்களா?

வீட்டுக்கு வந்த அன்று படிக்கட்டு ஏற விடாமல், மென்மையான உணவு கொஞ்சமாகக் கொடுங்கள். பல் எடுத்திருந்தால் எச்சிலில் லேசான ரத்தச் சாயல் ஒருநாள் இருக்கும். சொட்டுச்சொட்டாக விழுந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மெல்லும் பொம்மைகளை ஈறு ஆறும்வரை எடுத்து வைத்துவிடுங்கள்.

எத்தனை நன்றாக ஸ்கேலிங் செய்த பல்லிலும் அன்றைக்கே ஊத்தை படியத் தொடங்கிவிடும். ஆகவே டாக்டரிடமிருந்து கிளம்பும்முன், எந்த நாளிலிருந்து துலக்கலாம் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வந்ததும் பிரஷை எடுத்துவிடுங்கள்.